தகவல் குவியலைக் கண்ணால் பார்ப்பது எப்படி? கேட்டவர்களுக்குப் பதில்

கேள்வி (செவ்வாய்ப்பேட்டை, கொலுசுப் பட்டறை): அண்ணா, டிசைன் படங்கள் சேர்ந்து கம்ப்யூட்டரில் இடமே இல்லை. எது அடைக்கிறது என்று ஒவ்வொரு ஃபோல்டராகத் திறந்து பார்த்து அலுத்துவிட்டது.

பதில்: ஒவ்வொன்றாகத் திறக்காதீர்கள் தம்பி. விண்டிர்ஸ்டாட் (WinDirStat) என்று ஒரு சாஃப்ட்வேர், இலவசம்தான், போட்டுப் பாருங்கள். டிஸ்க் முழுதும் ஒரே திரையில் வரப்பு கட்டிய வயல் மாதிரி கட்டம் கட்டமாக விரியும், பெரிய ஃபைலுக்குப் பெரிய கட்டம், ஃபைல் வகைக்கு ஒரு நிறம். இதற்கு ட்ரீமேப் என்று பெயர். 1990 வாக்கில் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் பென் ஷ்னைடர்மேன் என்ற கணினிப் பேராசிரியர் யோசித்தது, அவருக்கும் உங்கள் கஷ்டமேதான்: 14 பேர் பங்குபோட்ட 80 எம்பி டிஸ்க் நிரம்பிக்கொண்டே இருந்தது. என் மச்சான் கடையில் இதைப் போட்டதும் திரையில் கால்வாசியை ஒரே நிறம் பிடித்திருந்தது. பார்த்தால் கல்யாண வீடியோ, அதே ஃபைல் இரண்டு தடவை!

கேள்வி (ஏற்காடு, கல்லூரி மாணவி): சார், எல்லாவற்றையும் 3டி மலை மாதிரி காட்டினால் இன்னும் நன்றாக இருக்காதா?

பதில்: பார்க்க அழகாக இருக்கும், ஆனால் முன்னால் நிற்கும் மலை பின்னால் இருப்பதை மறைக்கும், அது ஏற்காட்டுக்காரர்களுக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும்? 1991-இல் ஜெராக்ஸ் கம்பெனியின் பார்க் (PARC) ஆராய்ச்சிக்கூடத்தில் செய்த கூம்பு மரத்திலும், அதாவது கிளை கிளையாகப் பிரியும் தகவலை 3டி கூம்புகளாகக் காட்டும் படத்திலும், இதே சிக்கல், பின்பக்கக் கிளையைப் பார்க்கச் சுற்றிவிட வேண்டும். மலை உவமை வேண்டுமென்றால் பக்கத்தில் இருப்பது என்றால் என்ன, உயரம் என்றால் என்ன என்று முதலில் முடிவு செய்யுங்கள். ஒரே விஷயம் பேசும் கட்டுரைகள் அருகருகே, நிறையச் சேர்ந்த இடம் மேடு என்று வைத்தால் அதற்கு அர்த்தம் உண்டு. வெறும் அலங்காரத்துக்கு வேண்டாம்.

கேள்வி (அஸ்தம்பட்டி, ஆசிரியை): மாணவர்கள் சேகரித்த பழைய புகைப்படங்கள் 4,000 இருக்கின்றன. எங்கே தொடங்குவது?

பதில்: ராத்திரி ஏற்காட்டு மலை மேல் லேடீஸ் சீட்டில் நின்றால் சேலம் மொத்தமும் விளக்காகத் தெரியும், எங்கே அடர்த்தி, எங்கே இருட்டு என்று ஒரு பார்வையில் பிடிபடும். ஷ்னைடர்மேன் 1996-இல் சொன்ன வரிசையும் அதேதான்: முதலில் முழுமை, பிறகு நெருங்கி வடிகட்டல், கேட்டால் மட்டும் விவரம். ஆனால் 20 கொண்டை ஊசி வளைவில் இறங்கும்போது ஊர் மறைந்து மறைந்து வரும் பாருங்கள், திரையில் அப்படி ஆகக்கூடாது, பெரிதாக்கிப் பார்க்கும்போதும் ஓரத்தில் முழுப்படம் சின்னதாக நிற்க வேண்டும். சரி டீச்சர், ஒரு பக்கம் வருடம், ஒரு பக்கம் ஊர், ஒவ்வொரு படமும் ஒரு புள்ளி. முதலில் புள்ளியே இல்லாத இடத்தைப் பாருங்கள், அடுத்த சேகரிப்புக்குப் பிள்ளைகளை அங்கே அனுப்பலாம்.