மாத்திரை அட்டையைப் படிக்கத் தனி ஆப் வாங்க வேண்டுமா?

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது. விழித்திரைப் பாதிப்பால் பார்வை மங்கிவிட்டது. மாத்திரை அட்டையையோ தடுப்பூசி முகாம் அறிவிப்பையோ அவரால் படிக்க முடிவதில்லை. எல்லாவற்றையும் வாசித்துக்காட்டும் ‘ஸ்பெஷல் ஆப்’ இருப்பதாக ஒருவர் பணம் கேட்கிறார். ஃபைலை வாட்ஸ்அப்பில் அனுப்புவாராம், அவர் சொல்லும் இடத்தில் ‘அனுமதி’ கொடுத்தால் போதுமாம். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அவர் விற்க வருவது உங்கள் போனிலேயே இலவசமாக இருக்கிறது.

வாட்ஸ்அப்பில் ஃபைல் என்கிறீர்களே, அதனால் ஆண்ட்ராய்டு போன் என்று எடுத்துக்கொள்கிறேன். செட்டிங்ஸில் ‘ஆக்சசிபிலிட்டி’ (மாற்றுத்திறனாளிகளுக்கான வசதிகள்) பகுதிக்குள் போனால் ‘டாக்பேக்’ இருக்கும். திரையில் உள்ளதை வாசிக்கும் வசதி அது. 2009 முதலே உண்டு. முதல் நாள் எல்லோரும் மிரளுவார்கள். ஒருமுறை தொட்டால் அது என்னவென்று சொல்லும், திறக்காது. இருமுறை தட்டினால்தான் திறக்கும். பக்கத்தை நகர்த்த இரண்டு விரல் வேண்டும். போன் கெட்டுவிட்டது என்று கடைக்கு ஓடாதீர்கள். தமிழ்க் குரல் வேண்டுமென்றால் ‘டெக்ஸ்ட் டு ஸ்பீச்’ என்று செட்டிங்ஸில் தேடி இறக்கிக்கொள்ளுங்கள்.

சரி, அந்த ‘அனுமதி’ விஷயம். எனக்குக் கோபம் வருவதே இங்கேதான். ஆக்சசிபிலிட்டி அனுமதி பெற்ற ஆப், திரையில் வருவதையெல்லாம் படிக்கும். உங்களுக்குப் பதிலாகப் பொத்தானை அழுத்தவும் செய்யும். பார்வையற்றவருக்கு அது வரம். திருடனுக்கும் அதுவேதான் வேண்டும்: வங்கிக் கணக்கு, ஓடிபி எல்லாம் அவன் கண்முன். ஆண்ட்ராய்டு 13 முதல், பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து வந்த ஆப்களுக்கு இந்த அனுமதியை போனே தடுத்துப் பார்க்கிறது. உடனே நம் ஆள், “மூன்று புள்ளியைத் தொடுங்கள், கட்டுப்பாட்டை எடுத்துவிடுங்கள்” என்பார். அந்த வார்த்தை காதில் விழுந்ததும் போனை வைத்துவிடுங்கள்.

அப்படியென்றால் யாருக்குமே இந்த அனுமதி தரக்கூடாதா என்று கேட்பீர்கள். தரலாம், விதிவிலக்கு உண்டு. டாக்பேக் இயங்குவதே இதனால்தான். கை நடுங்குபவர் குரலாலேயே போனை இயக்கும் ‘வாய்ஸ் ஆக்சஸ்’, ஒரே பொத்தானால் இயக்கும் ‘ஸ்விட்ச் ஆக்சஸ்’ இரண்டுக்கும் இது வேண்டும். திரை முழுவதையும் கையாளுவதுதான் அவற்றின் வேலை. மாத்திரை அட்டையைப் படிப்பதாகச் சொல்லும் ஆப்புக்கு கேமரா போதும். அது எதற்குத் திரையைக் கேட்கிறது?

முகாம் அறிவிப்பு அம்மாவுக்கு எட்டாததற்கு அவர் கண் மட்டும் காரணமில்லை. தேதி, இடம், நேரம் எல்லாவற்றையும் வண்ண போஸ்டராக்கி அனுப்புகிறார்கள். டாக்பேக் பல நேரம் அதை “படம்” என்று மட்டும் சொல்லிவிட்டுத் தாண்டிப்போகும். படத்தோடு எழுத்து வடிவமும் தர வேண்டும் என்பது இணைய அணுகல் வழிகாட்டுதலில் 1999-இலேயே இருக்கிறது. கீழே இரண்டு வரி தட்டச்சு செய்ய எத்தனை வருடம் வேண்டும்? அதுவரை, படத்திலுள்ள எழுத்தைப் படிக்கும் கூகுள் லென்ஸில் அதைத் திறந்து வாசிக்கச் சொல்லுங்கள். சாதாரண அச்செழுத்து என்றால் பெரும்பாலும் பிடித்துவிடும். அலங்கார எழுத்தில் தடுமாறும்.

மாத்திரை அட்டைக்கும் லென்ஸ் உதவும், பெயர் தெரிந்துகொள்ளும் அளவுக்கு. ஃபிளாஷை அணைத்துவிடுங்கள், பளபளக்கும் தாளில் வெளிச்சம் பட்டால் எழுத்து மறைந்துவிடும். அளவை மட்டும் அதனிடம் விடாதீர்கள். 0.5 என்பதில் புள்ளி தவறினால் 05 ஆகிவிடும். மருந்தாளுநர் சொன்னதை அம்மாவின் போனில் உங்கள் குரலிலேயே பதிந்துவையுங்கள். அப்புறம், காலை மாத்திரை டப்பாவுக்கு ஒரு ரப்பர் பேண்ட், இரவுக்கு இரண்டு. அதற்கு சார்ஜும் வேண்டாம், அனுமதியும் வேண்டாம்.