பழைய மரப்பெட்டியைச் சீர் செய்வது: கேள்வியும் பதிலும்

கேள்வி: பாட்டியின் தேக்குப் பெட்டி. கறுத்துப்போய்ப் பிசுபிசுக்கிறது. மெஷின் வைத்துத் தேய்த்துவிடலாமா அண்ணா?

பதில்: அவசரப்படாதீர்கள். அந்தக் கறுப்பில் பாதி எண்ணெய்ப் பிசுக்கும் அடுப்புப் புகையுமாக இருக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் ரெண்டு சொட்டு விட்டு, துணியை நன்றாகப் பிழிந்து துடையுங்கள். கையோடு ஈரத்தை ஒற்றி எடுத்துவிடுங்கள். அப்புறமும் பிசுபிசுத்தால், கண்ணில் படாத ஓரமாக, மரப் பாலிஷுக்கு விற்கும் ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் தேய்த்துப் பாருங்கள். பழுப்பாகக் கரைந்து வந்தால் அது அரக்குப் பாலிஷ். உப்புத்தாளுக்கு வேலையே இல்லை. ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கைத் துணிப்பொட்டலத்தால் மெல்லிசாகப் பூசினால், பழைய பூச்சு இளகிப் புதியதோடு சேர்ந்துகொள்ளும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் நெருப்பு கூடாது. மெஷின் வைத்தால் செதுக்குவேலையின் கூர் மழுங்கிவிடும், மரம் இத்தனை வருஷத்தில் வாங்கிய நிறமும் தூளாகப் போய்விடும்.

கேள்வி: என் பெட்டியில் ஸ்பிரிட்டுக்கு எதுவும் கரையவில்லை. யாரோ பச்சை எனாமல் அடித்திருக்கிறார்கள். சுரண்டலாமா?

பதில்: எப்போது அடித்தது என்று விசாரியுங்கள். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு, அதாவது பத்து லட்சத்தில் 90 பங்குக்கு, மேல் இருக்கக்கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமலில் ஈயம் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த நிலையில் தேய்க்காதீர்கள், தீயும் காட்டாதீர்கள். பெயிண்ட் ரிமூவர் தடவி, கையுறை போட்டு, வெட்டவெளியில் ஈரமாகவே வழித்தெடுங்கள். குழந்தைகள் பக்கத்தில் வரவேண்டாம். பச்சை கெட்டியாக இருந்து, உங்களுக்கும் உறுத்தவில்லை என்றால் அப்படியே விட்டுவிடலாம். நானாக இருந்தால் விட்டுவிடுவேன்.

கேள்வி: பெட்டிக்கு அடியில் மாவு போலத் தூள் கொட்டுகிறது. கரையானா?

பதில்: கரையான் என்றால் மண் இருக்கும். மாவும் குண்டூசித் தலை அளவு துளைகளும் வண்டின் வேலை. வைரம் பாய்ந்த தேக்கை அது அவ்வளவாகத் தொடாது, ஓரத்தில் வைரமேறாத வெள்ளை மரம் இருந்தால் அதைத்தான் தின்னும். தூளைத் துடைத்துவிட்டு அடியில் கறுப்புத் தாள் விரித்துச் சில வாரம் பாருங்கள். புதுத் தூள் விழுந்தால் உள்ளே உயிரோடு இருக்கிறது. மரப்பூச்சி மருந்தை ஊசியால் துளைக்குள் ஏற்றுங்கள். அது அடங்கிய பிறகு அடைத்தால் போதும்.

கேள்வி: கடைசியாகத் தேங்காய் எண்ணெய் தடவினால் பளபளப்பு வருமே ஐயா?

பதில்: ரெண்டு நாள் வரும். தேங்காய் எண்ணெய் காயாது, தூசியைப் பிடித்து வைத்துக்கொண்டு மறுபடி பிசுபிசுக்கும். காயக்கூடிய எண்ணெய் வேண்டுமென்றால் ஆளிவிதை எண்ணெய். மெல்லிசாகத் தடவி, மிச்சத்தைத் துடைத்து எடுத்துவிடுங்கள். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் காற்றோடு சேர்ந்து காயும்போது சூடு கிளப்பும், குவிந்து கிடக்கும் துணி தானாகவே தீப்பிடித்துக்கொள்ளும். விரித்துக் காயவையுங்கள், இல்லையென்றால் தண்ணீரில் முக்கிவையுங்கள்.

கேள்வி: பித்தளைப் பட்டைக்குப் புளி போதுமா?

பதில்: கழற்ற முடிந்தால் புளி, உப்பு போதும். மரத்தோடு ஆணியடித்திருந்தால் புளி வேண்டாம். புளித்தண்ணீர் உள்ளே இறங்கி இரும்பாணி துருப்பிடித்தால், சுற்றி மரம் கறுத்துவிடும். ஓரத்தில் டேப் ஒட்டி, கடையில் விற்கும் பித்தளைப் பாலிஷைத் துணியில் தொட்டுத் தேயுங்கள்.

கேள்வி: மூடியில் விரல் நுழையும் அளவு வெடிப்பு. எம்-சீல் வைக்கட்டுமா?

பதில்: வேண்டாம். மழைக்கு மரம் ஊறும், கோடைக்குச் சுருங்கும், எம்-சீல் நெகிழாது. அதே சாதி மரத்தில் மெல்லிய சிம்பு சீவி, ஒரு பக்கம் மட்டும் பசை தடவிச் செருகச் சொல்லுங்கள். உங்கள் ஊர் ஆசாரிக்கு அரை நாள் வேலை.

கேள்வி: உள்ளே ரசகற்பூர உருண்டை நெடி போகவில்லை. பட்டுப்புடவை வைக்க ஆசை.

பதில்: மூடியைத் திறந்து நிழலில் காற்றாட வையுங்கள். உச்சி வெயில் வேண்டாம், பலகை வளையும். நெடி மிச்சமிருந்தால் உள்ளே அரக்கு ஒரு பூச்சு, அது வாடையை அடைத்துவிடும். எண்ணெயை உள்ளே காட்டவே கூடாது, புடவையில் இறங்கிவிடும். அரக்கு நன்றாகக் காய்ந்த பிறகு புடவையைப் பழைய வேட்டித் துணியில் சுற்றி வையுங்கள்.