கடன் வாங்கிக் கழித்தலுக்குக் கணிதக் கிட் வாங்க வேண்டுமா, வீட்டில் இருப்பதே போதுமா?

கேட்டவரின் மகன் இரண்டாம் வகுப்பு முடிக்கப் போகிறான், கடன் வாங்கிக் கழித்தல் மட்டும் ஏறவே மாட்டேன் என்கிறது. தொட்டு எண்ணிப் பழகும் பொருள்கள் அடங்கிய கணிதக் கிட் ஒன்று பார்த்திருக்கிறார், விலை அதிகம். வாங்கலாமா, பொருளைத் தொட்டுப் பழகிவிட்டால் அப்புறம் அது இல்லாமல் கணக்கே வராதோ என்று பயப்படுகிறார்.

வாங்க வேண்டாம். தென்னை விளக்குமாற்றில் உருவிய ஈர்க்குச்சியும் கொஞ்சம் ரப்பர் பேண்டும் போதும்.

நான் ஆசிரியர் பயிற்சி எடுத்தவள் இல்லை. வீட்டில் மிஷின் போட்டு பிளவுஸ் தைக்கிறவள். டீச்சர் வேலையில் உனக்கென்ன என்று கேட்க யாராவது வருவார்கள். ஒரு வகுப்புப் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு ஒவ்வொருவர் பக்கத்திலும் உட்கார்ந்து குச்சி எண்ண எந்த டீச்சராலும் முடியாது. அதனால்தான் வீட்டில் செய்யச் சொல்கிறேன், அவர்களைக் குறை சொல்வதற்கு அல்ல.

என் மகளும் இதே இடத்தில்தான் நின்றாள். 52-ல் 27 போனால் 35 என்று எழுதியிருந்தாள். 64-ல் 38 போனால் 34. நோட்டில் சிவப்பு மையில் ‘கவனக்குறைவு’ என்று இருந்தது. அந்த வார்த்தை எனக்கு இன்னும் ஆறவில்லை. கவனமில்லாத பிள்ளை ஒவ்வொரு கணக்கையும் ஒவ்வொரு விதமாகத் தப்பு விடும். இவள் அத்தனையையும் ஒரே விதமாகப் போட்டிருந்தாள். மேலே 2, கீழே 7 இருந்தால் பெரியதிலிருந்து சின்னதைக் கழித்து 5. 52 என்றால் ஐந்து பத்தும் இரண்டு ஒன்றும் என்பதை அவளுக்கு யாரும் கையில் கொடுத்துக் காட்டியதில்லை, அவ்வளவுதான்.

குச்சிகளை விரல் நீளத்துக்கு ஒடித்து, பத்துப் பத்தாக அவளையே கட்டச் சொன்னேன். இதை நீங்கள் கட்டிக் கொடுக்காதீர்கள். எண்ணிக் கட்டிய பிள்ளைக்குத்தான் அந்தக் கட்டுக்குள் பத்து இருக்கிறது என்பது நிச்சயமாகத் தெரியும். பிறகு ஐந்து கட்டும் இரண்டு உதிரியும் அவள் முன்னால் வைத்து, ‘எனக்கு 27 கொடு’ என்றேன். இரண்டு கட்டை உடனே கொடுத்துவிட்டாள். ஏழு உதிரி வேண்டும், இருப்பது இரண்டு. ஒரு கட்டைக் கையில் எடுத்து ரப்பர் பேண்டை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டே இருந்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. ‘அம்மா, இதைப் பிரிச்சுக்கட்டுமா?’ என்றாள். பிரித்தாள். உதிரி பன்னிரண்டு ஆனது, ஏழு கொடுத்தாள், ஐந்து மிச்சம். கட்டு இரண்டு மிச்சம். 25.

இங்கேயே நிறுத்திவிட்டால் அது விளையாட்டோடு போய்விடும். அடுத்த கணக்கிலிருந்து பக்கத்தில் நோட்டும் பென்சிலும் இருக்க வேண்டும். ஒரு கட்டைப் பிரித்த உடனே 52-ல் இருக்கும் 5-ஐ அடித்து 4, உதிரி 2-க்குப் பதில் 12. கை செய்ததைப் பென்சில் அப்போதே எழுத வேண்டும். ‘மேல நாலு போடறது இதுக்குத்தானா!’ என்று அவள் கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அத்தனை மாதமும் அந்த 4 எதற்கென்றே தெரியாமல் எழுதிக்கொண்டிருந்திருக்கிறாள்.

பொருள் இல்லாமல் வராதோ என்ற பயத்துக்கு வருகிறேன். குச்சி சரளமானதும் படத்துக்கு மாற்றுங்கள். கட்டுக்கு ஒரு கோடு, உதிரிக்கு ஒரு புள்ளி. கட்டைப் பிரிக்க வேண்டுமென்றால் கோட்டை அடித்துவிட்டுப் பத்துப் புள்ளி. அப்புறம் வெறும் எண். குச்சியை நீங்கள் பிடுங்க வேண்டியதே இல்லை. எடுத்து வைத்து எண்ண நேரமாகிறது என்று பிள்ளைகள் தாங்களே விட்டுவிடுவார்கள். வாய்ப்பாடு வேண்டாம் என்று நான் சொல்வதாக நினைக்காதீர்கள். என் மகள் தினமும் வாய்ப்பாடு சொல்கிறாள், சொல்லத்தான் வேண்டும்.

காசை வைத்துத் தொடங்கச் சிலர் சொல்வார்கள். காசு பிறகு வரட்டும். பத்து ரூபாய்க் காசுக்குள் பத்து ஒரு ரூபாய் கண்ணுக்குத் தெரியாது, பிரிக்கவும் முடியாது. குச்சிக் கட்டில் இரண்டும் முடியும். விடையைச் சரிபார்க்க எங்கள் வீட்டில் தையல் டேப். 27-ல் விரலை வைத்து 30-க்கு மூன்று, 50-க்கு இருபது, 52-க்கு இரண்டு என்று தாண்டினால் அதே 25.

இதெல்லாம் நான் கண்டுபிடித்தது இல்லை. இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1939-ல் சென்னை அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். ஒற்றை மணி, பத்து மணி கோத்த கம்பி, நூறுக்குச் சதுரம், ஆயிரத்துக்குக் கனசதுரம் என்பது அவருடைய முறை. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றலில் பிள்ளைகள் பொருளைத் தொட்டுத்தான் கற்றார்கள், அரசுப் பள்ளிகளுக்கு 2022-ல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்திலும் அப்படித்தான். கட்டணம் வாங்கும் பள்ளியில் படிக்கும் என் மகளுக்கு அது கிடைக்கவில்லை.

அங்கே கிடைத்தது ப்ராஜெக்ட். சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஏழு வயதுப் பிள்ளை தெர்மாகோலில் சூரியக் குடும்பம் செய்து வர வேண்டுமாம். எந்தப் பிள்ளை அதைச் செய்யும்? ஆர்டர் பிளவுஸை ஒதுக்கிவைத்துவிட்டு ராத்திரி நாங்கள்தான் வெட்டி ஒட்டுகிறோம். ஸ்டேஷனரிக் கடையில் ரெடிமேடாகவே விற்கிறார்கள், அதை வாங்கிக் கொடுத்த பிள்ளைக்கு ஸ்டார். அந்த ராத்திரியில் பிள்ளை தன் கையால் பத்துக் கட்டுக் கட்டியிருக்கலாம்.

சரி, உங்கள் மகனுக்கு அடுத்ததாக 302-ல் 148 போனால் எவ்வளவு என்பது போன்ற கணக்கு வரும், பல பிள்ளைகள் அங்கேதான் சறுக்குவார்கள். பத்துக் கட்டுகளைச் சேர்த்துப் பெரிய ரப்பர் பேண்டில் ஒரு நூறு கட்டுங்கள். அப்படி மூன்று நூறும் இரண்டு உதிரியும் வையுங்கள். நூறைப் பிரித்தால் முதலில் பத்துக் கட்டுதான் வரும், அதில் ஒன்றைப் பிரித்தால்தான் உதிரி. நடுவில் 0 இருந்த இடத்தில் 9 எப்படி வந்தது என்று அவனையே கேளுங்கள். மிச்சக் கட்டுகளை எண்ணிப் பார்த்து அவனே சொல்வான்.