தாள் சுருங்குது, கலர் சேறாகுது – பதில்

புதுப் பள்ளியில பேச ஆளில்லை, பக்கத்து பெஞ்ச் பொண்ணு மட்டும் "எனக்கும் வரையச் சொல்லித் தா"ன்னு கேட்டா, ஆனா வாட்டர் கலர் போட்டா தாள் சுருங்கி நிறம் சேறாகுதுன்னு எழுதியிருக்கம்மா. தப்பு உன் கையில இல்ல. சாதா டிராயிங் நோட்டு அவ்வளவு தண்ணி தாங்காது. 300 ஜிஎஸ்எம் (தாளோட கனத்தைச் சொல்ற அளவு) தடித் தாளை வாங்கி, நாலு ஓரமும் பரீட்சை அட்டையில மாஸ்கிங் டேப் போட்டு ஒட்டு. முழுசா காஞ்ச பிறகுதான் உரிக்கணும். முதல் பூச்சு ஈரமா இருக்கும்போதே சிவப்பு மேல பச்சை வச்சா பழுப்பாத்தான் வரும். புறங்கையை லேசா வச்சுப் பாரு, சில்லுன்னு இருந்தா உள்ளே இன்னும் காயல. பிரஷ் கழுவ ஒரு டம்ளர், கலர் கரைக்க வேற டம்ளர்.

அந்த பெஞ்ச் பொண்ணும் நீயும் ஒரே நோட்டுல மாத்தி மாத்தி வரையுங்க: இடப்பக்கம் நீ, வலப்பக்கம் அவ. அவ போட்ட கோட்டை மட்டும் திருத்தவே திருத்தாதே. நாளைக்கு அவ டிபன் பாக்ஸையே வரைஞ்சு கொடு.