பழைய ஆம்னி வேன் காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிப்பதும், ஐடிலிங்கில் அணைவதும் ஏன்?

ஆக்சிலேட்டரை மிதிக்காமலே என்ஜின் தானாக ஓடுவதுதான் ஐடிலிங். கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து என்ஜினுக்குக் கொடுக்கும் கருவி) வைத்த பழைய மாருதி ஆம்னியில், என்ஜின் குளிர்ந்திருக்கும்போது பெட்ரோல் சரியாக ஆவியாகாது. ஈரமாகவே குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். ஈர விறகில் அடுப்பு மூட்டுகிற கதைதான். அதற்குத்தான் சோக்: காற்றைக் குறைத்து, பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கும்.

என்ஜினை அணைத்து, ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு, ஒருவரைச் சோக்கை இழுக்கச் சொல்லுங்கள். கார்புரேட்டர் வாயில் இருக்கும் தகடு முழுசாக மூட வேண்டும். பாதியில் நின்றால் கேபிள் தளர்ந்திருக்கலாம், இல்லை தகடு அழுக்கில் சிக்கியிருக்கலாம். முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான், செலவே இல்லை.

சூடான பிறகும் அணைகிறதா? சரி, அப்போது ஸ்லோ ஜெட் (ஐடிலிங்கில் பெட்ரோல் வரும் சிறு துளை) அடைப்பையும், வேக்குவம் ஹோஸ் (என்ஜினின் உறிஞ்சு விசையைக் கொண்டுபோகும் ரப்பர் குழாய்) வெடிப்பையும் பாருங்கள்.

ஐடில் ஸ்க்ரூவைத் திருகி ஐடிலிங் வேகத்தை ஏற்றினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அது கோளாறை மறைக்கும், பெட்ரோலையும் கூடுதலாகக் குடிக்கும்.