கேன்சர் வந்த பெண்கள் கூடுகிற இடத்துக்கு நான் போகலாமா, டாக்டர்?

கேள்வி: எனக்கு வயது 52. பதினான்கு மாதத்துக்கு முன்னால் இடது மார்பகத்தை எடுத்துவிட்டார்கள். அக்குளில் இருந்த நெறிக்கட்டிகளையும் எடுத்தார்கள். கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிந்து இப்போது லெட்ரோசோல் மாத்திரை மட்டும் சாப்பிடுகிறேன். காலையில் விரல்கள் மடங்குவதில்லை. சிகிச்சை பெற்ற மதுரை மருத்துவமனையில் மாதம் ஒரு சனிக்கிழமை, என்னைப் போன்ற பெண்களைக் கூட்டிப் பேச வைக்கிறார்கள். யோகாவும் உடற்பயிற்சியும் உண்டாம். செக்கப்புக்குப் போகும்போதெல்லாம் நர்ஸ் கூப்பிடுகிறார். கீமோ வார்டில் பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் இறந்துபோனதே இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. இன்னும் நாலு பேர் கதையைக் கேட்டால் இருக்கிற தைரியமும் போய்விடுமோ? இடது கையால் எதையும் தூக்காதே என்று எல்லோரும் சொல்கிறார்கள், உடற்பயிற்சி செய்யலாமா? சாயங்காலம் ஆனால் அந்தக் கை கனத்துப் போகிறது. மாமியார், "மகளுக்கு வரன் பார்க்கிற நேரத்தில் ஊருக்கெல்லாம் தம்பட்டம் அடிக்கணுமா" என்கிறார். போகட்டுமா, வேண்டாமா?
- பெயர் வேண்டாம், விருதுநகர் மாவட்டம்

பதில்: போங்கள். ஆனால் அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. சாயங்காலம் கை கனத்துப் போகிறது என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். என் கண்ணில் முதலில் பட்டது அதுதான். மாமியாரிடம் அப்புறம் வருகிறேன்.

கையின் திசுக்களில் ஊறித் திரும்பும் நீருக்கு நிணநீர் என்று பெயர், அது அக்குள் வழியாகத்தான் வடிகிறது. அங்கே இருக்கும் நெறிக்கட்டிகளை எடுத்துவிட்டு, அதே இடத்தில் ரேடியேஷனும் கொடுக்கும்போது சிலருக்கு அந்த வாய்க்கால் தூர்ந்துபோகிறது. நீர் கையிலேயே தேங்குகிறது. நிணநீர் வீக்கம் என்பது இதுதான். எல்லோருக்கும் வராது. வருகிறவர்களுக்கு ஆபரேஷன் முடிந்த சில மாதத்தில் வரலாம், இரண்டு மூன்று வருடம் கழித்தும் வரலாம். வீக்கம் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே கை கனக்கத் தொடங்கிவிடும்.

என்னிடம் வருகிற பெண்களில் பலர் இதை வளையலில்தான் கண்டுபிடிக்கிறார்கள். வலது கையில் சும்மா வழுக்கி ஏறுகிற வளையல், அதே ஜோடியில் இன்னொன்று இடது கையில் கட்டைவிரல் மேட்டைத் தாண்ட மறுக்கும். அல்லது ஜாக்கெட் கை ஒரு பக்கம் மட்டும் பிடித்து, கழற்றும்போது தோலில் கோடு விழுந்திருக்கும். உங்களுக்கு அப்படி உண்டா என்று பாருங்கள். வீட்டில் தையல் டேப் இருந்தால் இரண்டு கைகளையும் அளந்து எழுதி வையுங்கள்: மணிக்கட்டில் ஒன்று, முழங்கைக்குக் கீழே 10 சென்டிமீட்டரில் ஒன்று, மேலே 10 சென்டிமீட்டரில் ஒன்று. எங்காவது இடது கை 2 சென்டிமீட்டருக்கு மேல் பருத்திருந்தால் பிசியோதெரபிஸ்டைப் பார்த்தே ஆக வேண்டும். அந்த அளவுக்கு இல்லாவிட்டாலும் உங்களுக்குக் கனம் இருப்பதால் ஒரு முறை காட்டிவிடுங்கள். ஆரம்பத்திலேயே பிடித்தால், அளவெடுத்துப் போடுகிற அழுத்தக் கையுறை (மணிக்கட்டிலிருந்து மேல்கை வரை இறுக்கிப் பிடிக்கிற உறை), மென்மையான மசாஜ், பயிற்சி இவற்றாலேயே பெரும்பாலும் கட்டுக்குள் வைக்கலாம். கை சிவந்து, சூடாகி, காய்ச்சலும் வந்தால் மட்டும் கதை வேறு. அது தொற்று. அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும், திங்கட்கிழமை ஓ.பி. வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

சரி, "எதையும் தூக்காதே." இந்த அறிவுரையை ஒரு காலத்தில் நானும் வாய் ஓயாமல் சொல்லியிருக்கிறேன். மருத்துவக் கல்லூரியில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது அப்படி. தூக்கினால் வீங்கும் என்று நினைத்தோமே தவிர, யாரும் தூக்க வைத்துப் பார்க்கவில்லை.

கனடாவின் வான்கூவரில் டான் மெக்கென்சி என்ற விளையாட்டு மருத்துவர் 1996-ல் அதைச் செய்து பார்த்தார். மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற 24 பெண்களைச் சேர்த்தார். டிராகன் படகு என்று சீனர்களுடைய நீளமான படகு ஒன்று உண்டு. நம் பக்கத்துக்காரர்களுக்குச் சட்டென்று விளங்க வேண்டுமென்றால், கேரளத்துப் பாம்புப் படகை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். துடுப்புப் போடுவது தோள், கை, முதுகு எல்லாவற்றுக்கும் முழு வேலை. முதலில் உடற்பயிற்சிக் கூடத்தில் பழக்கி, பிறகு படகில் ஏற்றினார். பயந்தபடி கைகள் வீங்கவில்லை. அந்தப் பெண்களும் படகை விடவில்லை. இன்று பல நாடுகளில் மார்பகப் புற்றுநோய் கண்ட பெண்களின் படகுக் குழுக்கள் இருக்கின்றன, தங்களுக்குள் போட்டியும் வைத்துக்கொள்கிறார்கள். பிறகு 2009-ல் அமெரிக்காவில், ஏற்கெனவே கை வீங்கியிருந்த 141 பெண்களில் ஒரு பாதியை வாரம் இரண்டு நாள் எடை தூக்க வைத்துப் பார்த்தார்கள். அவர்களுக்கு வீக்கம் கூடவில்லை. சும்மா இருந்தவர்களைவிட, வீக்கம் திடீரென்று முற்றுவது இவர்களுக்குக் குறைவாகவே இருந்தது. தசை சுருங்கி விரியும்போது தேங்கிய நீரையும் பிதுக்கி அனுப்புகிறது. கையை அசைக்காமல் மடியில் வைத்திருந்தால் அது நடக்காது.

அதற்காக நாளைக்கே 15 லிட்டர் குடத்தை நிறைத்து இடது இடுப்பில் வைத்துவிடாதீர்கள். அந்தப் பெண்கள் அழுத்தக் கையுறை போட்டுக்கொண்டு, பக்கத்தில் ஆள் நின்று பார்க்க, மிகக் குறைந்த எடையில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏற்றினார்கள். உங்களுக்கு அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் போதும், அது அரைக் கிலோ. பிசியோதெரபிஸ்ட் பார்த்துச் சரி என்ற பிறகு அதில் ஆரம்பியுங்கள். கனம் கூடினால் ஒரு படி இறங்குங்கள்.

விரல் மடங்காதது, நோய் திரும்பாமல் இருக்கக் கொடுக்கிற அந்த லெட்ரோசோல் வேலை. தோசைக் கரண்டியைப் பிடிக்க முடியவில்லை, பால் பாக்கெட்டைப் பிரிக்க முடியவில்லை என்று பெண்கள் சொல்லும்போது உடம்புக்கு வயதாகிவிட்டது என்றே அவர்கள் முடிவு கட்டியிருப்பார்கள். சிலர் டாக்டரிடம் சொல்லாமலே மாத்திரையை நிறுத்தியும் விடுகிறார்கள். நிறுத்தாதீர்கள். தினமும் நடப்பதும் வாரத்தில் இரண்டு நாள் தசைப் பயிற்சி செய்வதும் இந்த வலியைக் குறைக்கிறது என்பது ஆய்வில் பார்த்த விஷயம். வாரத்தில் மூன்று நாளாவது அரை மணி நேரம் வேகமாக நடந்தால் கீமோ முடிந்தும் விடாத அந்த அசதியும் குறையும். இதே மாத்திரை எலும்பையும் மெலிய வைக்கும். எலும்பு அடர்த்தி ஸ்கேன் எடுத்தாகிவிட்டதா என்று கேளுங்கள்; எலும்பு மெலிந்திருந்தால் யோகா வகுப்பில் முதுகை மடக்கிக் குனிகிற ஆசனங்களும் சிரசாசனமும் வேண்டாம். ஆசிரியரிடம் ஆபரேஷன் நடந்ததையும் மாத்திரையையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கீமோ நடந்துகொண்டிருக்கும் பெண்கள் யாராவது இதைப் படித்தால்: தொற்றை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும் வாரத்தில் கூட்டத்துக்குப் போகாதீர்கள், வீட்டு மாடியில் நடந்தால் போதும்.

இப்போது அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன்.

சில வருடங்களுக்கு முன் இப்படி ஒரு கூட்டத்தில், பேச அழைத்திருந்ததால், ஓரமாக உட்கார்ந்திருந்தேன். புதிதாக வந்த ஒருவர், உள்ளே பஞ்சு வைத்துத் தைத்த பிரா போடுவதாகவும், கையைத் தூக்கினால் அது கழுத்துக்கு ஏறிவிடுவதால் பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடிப்பதே இல்லை என்றும் சொன்னார். சிரிக்காமல் சொன்னார். எதிரே இருந்த வயதான அம்மா, "பஞ்சுக்குக் கனம் ஏது? பருத்தித் துணியில் பை தைத்து உள்ளே கேழ்வரகு போடு, இறங்கி உட்காரும். மாதம் ஒரு தடவை மாற்றிவிடு, இல்லாவிட்டால் வண்டு வரும்" என்றார். அறையே சிரித்தது. நான் அந்த அம்மாவைப் போல நூறு பேருக்கு ஆபரேஷனுக்குப் பிந்தைய ஆலோசனை சொல்லியிருப்பேன். கேழ்வரகு எனக்குத் தெரியாது. (புண் நன்றாக ஆறிய பிறகுதான் இதெல்லாம். அளவுக்கு ஏற்ற சிலிக்கான் மார்பகங்களும் கிடைக்கின்றன, விலைதான் எல்லோருக்கும் கட்டுப்படியாவதில்லை.) ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குப் போகும்போது தொங்குகிற, புண்ணில் ஊறும் நீரை வடிக்கிற டிரெயின் குழாய்ப் பைக்குக் கழுத்தில் மாட்டுகிற சுருக்குப்பை தைத்துத் தருவதும் இப்படிக் கூடுகிற பெண்கள்தான். நீங்கள் மகளிர் குழுவில் இருந்திருந்தால் இந்தக் கூட்டம் பழகினதாகவே இருக்கும். வட்டிக் கணக்கு மட்டும் இருக்காது.

நோய் கண்டவரே நோய் கண்டவருக்கு வழி சொல்கிற இந்த முறைக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. 1952-ல் நியூயார்க்கில் டெரீஸ் லாசர் என்ற பெண்மணி மார்பகத்தை எடுத்த பிறகு, இனி எப்படி உடுத்துவது, கையை எப்படிப் பழக்குவது என்று சொல்ல ஒருவரும் இல்லாமல் தவித்தார். குணமானதும் தானே வார்டு வார்டாகப் போய், புதிதாக ஆபரேஷன் ஆன பெண்களிடம் உட்கார்ந்து பேசத் தொடங்கினார். டாக்டர்கள் பலருக்கு அது பிடிக்கவில்லை. இன்று அதே முறை பல நாடுகளில் நடக்கிறது.

இதனால் ஆயுள் கூடுமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது உங்களிடம் சொல்வார்கள். 1989-ல் அமெரிக்காவில், நோய் பரவிவிட்ட 86 பெண்களை வைத்துச் செய்த ஆய்வில், வாரம் ஒரு முறை கூடிப் பேசியவர்கள் இரண்டு மடங்கு காலம் வாழ்ந்ததாக வந்தது. உலகமே கொண்டாடியது. பிறகு கனடாவில் 235 பெண்களை வைத்துச் செய்து 2001-ல் வெளியிட்டார்கள்: ஆயுள் கூடவில்லை. ஆனால் மனம் மிகவும் நொந்து வந்தவர்களுக்கு அந்த நோவு குறைந்தது, உடம்பு வலியும் குறைந்தது. ஏற்கெனவே ஓரளவு தெளிவாக இருந்தவர்களுக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. எனக்கு இந்த இரண்டாவது முடிவுதான் நிம்மதி. கூட்டத்துக்குப் போகாததால் உங்களுக்கு நோய் திரும்பி வந்துவிடப் போவதில்லை. "மன உறுதி இருந்தால் கேன்சர் ஓடிவிடும்" என்று பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். உங்கள் பக்கத்துக் கட்டிலில் இருந்தவருக்கு மன உறுதி குறைவு என்றா சொல்வது?

அவர் நினைவு உங்களை விட்டுப் போகாதது இயல்பு. இப்படிக் கூட்டங்களில் மரணச் செய்தியும் வரத்தான் செய்யும், வராது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். அதனால் நர்ஸிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். நோய் பரவியவர்களுக்குத் தனியாகக் கூட்டம் உண்டா? பேச்சை நடத்துவதற்கு மனநல ஆலோசகர் இருப்பாரா? முதல் தடவை பயிற்சிக்கு மட்டும் போய்விட்டு, பேச்சு தொடங்கும்போது கிளம்பிவிடலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். அங்கே யாராவது முள்சீத்தாப் பொடியோ கஷாயமோ விற்றால், மாத்திரையை நிறுத்தச் சொன்னால், எழுந்து வந்துவிடுங்கள். முள்சீத்தா மனிதருக்குப் புற்றுநோயைக் குணமாக்கியதாக ஆதாரம் கிடையாது. அடுத்தவர் ரிப்போர்ட்டோடு உங்கள் ரிப்போர்ட்டை ஒப்பிடாதீர்கள். ஒரே மார்பகப் புற்றுநோய் என்றாலும் வகை வேறு, மருந்து வேறு. தூக்கம் போய், இரண்டு வாரமாக எதிலும் ஒட்டுதல் இல்லாமல் அழுகை வந்துகொண்டே இருந்தால் கூட்டம் மட்டும் போதாது, மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். 14416 என்ற அரசு எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம்.

மாமியார். அவர் பயம் வரனைப் பற்றியது, உங்கள் மேல் வெறுப்பில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன். புற்றுநோய் தொற்றாது. மார்பகப் புற்றுநோயில் பரம்பரையாக வருவது நூற்றில் ஐந்து முதல் பத்து வரைதான். உங்கள் வீட்டில் வேறு யாருக்காவது மார்பகத்திலோ சினைப்பையிலோ வந்திருந்தால் மரபணுப் பரிசோதனை பற்றி டாக்டரிடம் கேளுங்கள். அது மகளின் உடம்புக்காக, கல்யாணத்துக்காக இல்லை. மாப்பிள்ளை வீட்டில் எப்போது, எவ்வளவு சொல்வது என்பதை நீங்களும் மகளும் முடிவு செய்யுங்கள். கூட்டத்துக்குப் போவதை ஊரில் சொல்லத் தேவையில்லை. செக்கப்புக்கு மதுரை போகிறீர்கள், அவ்வளவுதான்.

ஒளித்து வைப்பது நம் ஊரில் புதிது இல்லை. ஒளிக்காமல் பெண்களே சேர்ந்து செய்த வேலையும் புதிது இல்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை புற்றுநோயில் இறந்தது 1923-ல். அந்த ஆற்றாமையில் முளைத்த எண்ணம்தான் 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையாக எழுந்து நின்றது. அதன் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் டபிள்யூ.ஐ.ஏ. என்று இருப்பதைப் பலர் கவனித்திருக்க மாட்டார்கள். இந்திய மாதர் சங்கம் என்ற பெண்கள் அமைப்பின் பெயர் அது. மாமியாரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், எடுபடாவிட்டால் ஒரு சனிக்கிழமை அவரையே துணைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். என் அனுபவத்தில் மாமியார்கள்தான் அங்கே அதிகம் பேசுவார்கள்.

போகும்போது முன்பக்கம் திறக்கிற தளர்வான ஜாக்கெட்டோ சுடிதாரோ போட்டுக்கொள்ளுங்கள், பிசியோதெரபிஸ்டுக்குத் தோளைப் பார்க்க வசதி. டேப்பில் அளந்து எழுதிய தாளையும் எடுத்துப் போங்கள். மூன்று மாதம் கழித்து அதே இடங்களில் மறுபடி அளந்து, இரண்டு கணக்கையும் எனக்கு எழுதி அனுப்புங்கள்.