வைட்டமின் சி ட்ரிப்ஸ் ஏத்தலாமா?

கேள்வி: டாக்டர், மாமனாரை செப்சிஸ்னு (கிருமித் தொற்றால உடம்போட உறுப்புகள் பாதிக்கப்படற நிலை) ஐசியூல வச்சிருக்காங்க. வைட்டமின் சி-யை ட்ரிப்ஸ்ல ஏத்தினா இன்ஃபெக்‌ஷன் ஓடிடும்னு சொந்தக்காரர் ஒருத்தர் வீடியோவா அனுப்பிட்டே இருக்கார். கேட்டுப் பாக்கலாமா?
– வாசகி, திருச்சி

பதில்: தாராளமா கேளுங்கம்மா, ஆனா போட்டே ஆகணும்னு அடம் பிடிக்காதீங்க. இந்தப் பேச்சு பெருசானது 2017-ல, அமெரிக்காவுல பால் மாரிக்னு ஒரு ஐசியூ டாக்டர் வைட்டமின் சி 1.5 கிராம் ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை, கூடவே ஹைட்ரோகார்டிசோன்ங்கற ஸ்டீராய்டு, தயமின்ங்கற வைட்டமின் பி1 கொடுத்த 47 பேர்ல 4 பேர்தான் இறந்தாங்க, அதுக்கு முன்னாடி அது இல்லாம பாத்த 47 பேர்ல 19 பேர் இறந்தாங்கன்னு எழுதினார். கேக்க ஆசையாத்தான் இருக்கு. ஆனா அது பழைய கேஸ் ஷீட்டோட ஒப்பிட்டது, குலுக்கல் முறையில பிரிச்சு பாத்த ஆராய்ச்சி இல்ல.

அப்படி பிரிச்சுப் பாத்த லோவிட்ங்கற ஆராய்ச்சி 2022-ல வந்துச்சு, 872 பேர், கிலோவுக்கு 50 மில்லிகிராம் கணக்குல ஆறு மணி நேரத்துக்கு ஒரு டோஸ். 28-வது நாள்ல இறந்தவங்க இல்லன்னா உறுப்பு செயலிழப்பு நீடிச்சவங்க, வைட்டமின் சி போட்ட குரூப்ல 44.5%, போடாத குரூப்ல 38.5%. தலைகீழா போச்சு பாருங்க!

இன்னொண்ணு, ஹை டோஸ் ஏத்தினா சில குளுக்கோமீட்டர்ல சுகர் இருக்கறத விட கூடுதலா காட்டும், அத நம்பி இன்சுலின் போட்டா லோ சுகர் ஆயிடும். கிட்னி வீக்கா இருந்தா ஆக்சலேட்ங்கற உப்பு கிட்னியில படியும். ஆன்டிபயாடிக் நேரத்துக்குப் போகுதான்னு மட்டும் கேளுங்க, வீடியோவ மியூட் பண்ணுங்க.